ஜாம் போத்தலில் மண்

கேட்டுக்குச் சங்கிலி போடும் சத்தம் கேட்டதும் நஸீப்புக்கு மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. காப்பாற்ற வந்தவர்களையும் சேர்த்து உள்ளே பூட்டிவிட்டார்கள்.

சாமான் அறையின் கம்பி ஜன்னலில் முகத்தை அழுத்தி முற்றத்தைப் பார்த்தான். அடைமழையில் ஒரு பச்சை முச்சக்கர வண்டி நின்றது. இரண்டு ரொட்வைலர்கள் அதைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்தன. வண்டிக்குள்ளே இரண்டு கால்கள் ஆசனத்துக்கு மேலே தூக்கியபடி இருந்தன. சாரதி அழகரின் கால்கள்.

"முதலாளி! நாயக் கூப்பிடுங்க! எங்கிட்ட இருக்கிறதே ரெண்டு காலுதான். ஒன்னு பிரேக் மிதிக்க, இன்னொன்னு அது வலிச்சா மாத்திக்க!"

அழகரின் பக்கத்தில் குடையை மடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள் அனுஷியா. இன்சூரன்ஸ் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அவளுக்கு உதவியாளன், சாரதி, விளம்பரப் பலகை எல்லாமே அழகர்தான். நஸீப் எங்கே படம் எடுக்கப் போனாலும் அழகரின் வண்டியில்தான் போவான். அந்தப் பழக்கத்தில்தான் காலையில் அவனுக்குப் போன் போட்டு, "என்னய அடைச்சு வச்சிட்டாங்க" என்று சொல்லியிருந்தான்.

நஸீப் நாய்களைப் படம் எடுப்பவன். கடையும் இல்லை, கம்பனியும் இல்லை. கழுத்தில் கெமரா, முதுகில் பை. யார் கூப்பிட்டாலும் கெலிஓயாவிலுள்ள தன் வீட்டிலிருந்து கிளம்பிவிடுவான். பிறந்தநாள் கொண்டாடும் பக் நாய், விற்பனைக்கு வரும் குட்டி, சாகக் கிடக்கும் கிழ லெப்ரடோர், எதுவானாலும் சரி. யாராவது ஒருவர் கேட்டைத் திறந்துவிட்டால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும்.

இன்று திறந்த கேட் பிலிமத்தலாவைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் இந்தப் பழைய பங்களாவினுடையது. உரிமையாளர் ரவிகுமார் டவுனில் இரும்புக் கடை வைத்திருப்பவர். வீட்டில் உயர்சாதி நாய் வளர்த்து விற்பவர். அவருடைய டல்மேஷன் நாய் டொமினோவைப் படம் எடுக்கத்தான் நஸீப் வந்தான். பாதி வேலையில் நாயைக் காணவில்லை.

ரவிகுமார் விசில் அடித்து ரொட்வைலர்களை விலக்கி, வந்த இருவரையும் நேராகச் சாமான் அறைக்கே கூட்டிவந்தார்.

"நீங்கதான் துப்பறியிற ஆளா? நல்லதாப் போச்சு. துப்பறிய ஒன்னுமே இல்ல. கேளுங்க." அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பேசினார். "மழ வலுக்க ஆரம்பிச்சதும் எல்லாரும் தேத்தண்ணி குடிக்க உள்ள வந்தோம். நாய விறாந்தைத் தூணுல கட்டினது இந்த ஆளு. நான் வெளிய வந்து பாத்தா வாரு மட்டும் தொங்குது. நாயும் இல்ல, ஆளும் இல்ல. பின்பக்கம் போறேன். பைப்புகிட்ட நிக்கிறாரு. ரெண்டு கையும் மண்ணு! என்னா செய்றீங்கன்னு கேட்டா வாயே தொறக்கல. பைய தொறந்து பாத்தா இது."

ஒரு பழைய ஜாம் போத்தலை மேசையில் டொக் என்று வைத்தார். உள்ளே கழுத்துவரை மண்.

"வேலிக்கடியில தோண்டி நாய அந்தப் பக்கம் தள்ளியிருக்காரு. அங்க ஆள் நின்னு வாங்கியிருக்கான்."

"தோண்டின மண்ண ஞாபகத்துக்கு போத்தல்ல போட்டு வச்சுக்கிட்டாராக்கும்," என்றான் அழகர்.

ரவிகுமார் அவனை முறைத்துவிட்டுப் போனைத் திருப்பிக் காட்டினார். அதில் நஸீப்பின் முகம். மேலே 'நாய்த் திருடன், கவனம்' என்று சிவப்பு எழுத்து. கண்டியில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் இருக்கும் பேஸ்புக் குழுவுக்குத் தயாராக இருந்தது. நஸீப்பைக் கூப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.

"நாய வாங்க வர்றவங்க கேகாலை தாண்டிட்டாங்க. அவங்க கார் கேட்டுக்கு வரும்போது நாய் இங்க இருக்கணும். இல்லாட்டி இது ஏறும். பொலிசுக்கும் ஒரு போன் கோல் போகும். அதுவரைக்கும் ஒருத்தரும் வெளிய போறதில்ல. போன குடுங்க."

மூன்று போன்களும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போயின. கதவு மூடியது. சாவி திரும்பியது.

"கெமராவ விட்டுட்டுப் போயிட்டாரு," என்றான் அழகர். "நம்ம கடைசிப் படத்த நாமளே எடுத்துக்கலாம்."

அந்த அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, உடைந்த அலுமாரி, நாய்ச் சோற்று மூட்டைகள். மேலே தகரக் கூரையில் மழை இடித்தது. கீழே பழைய காலத்துப் பலகைத் தரை, நடந்தால் முனகியது. பங்களா முழுவதுமே சரிவில் தூண் நட்டு, பலகை பரப்பிக் கட்டியதுதான். நஸீப் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தான். கைகளைத் தொடைகளுக்கு நடுவில் ஒளித்துக்கொண்டான்.

அனுஷியா போத்தலைத் திறந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தாள். மணந்து பார்த்தாள்.

"நேத்திலிருந்து விடாத மழை. வெளிய எல்லாம் சேறு. இது கோதுமை மா மாதிரி காஞ்சிருக்கு. கல்லு இல்ல, வேரு இல்ல. யாரோ வெயில்ல காயவச்சு அரிச்சிருக்காங்க. குழி தோண்டின மண்ண எவனும் அரிக்கமாட்டான்." அவள் போத்தலை மூடினாள். "நாய் உங்க கைய நக்கிருச்சா?"

நஸீப் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "மிஸ்ஸுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கூட படிச்சவ பஸ்லினான்னு ஒருத்தி. ஸ்கூல் விட்டுப் போற வழியில ஒரு குட்டி நாய் அவ கைய நக்கிருச்சு. வீட்டுக்குப் போனதும் அவங்க உம்மா வாசல்லயே நிக்க வச்சு ஏழு தரம் கழுவினாங்க. ஒரு தரம் மண் போட்டு. நான் பக்கத்துல நின்னு எண்ணினேன்."

நஸீப் ஒளித்துவைத்த கைகளை வெளியே எடுத்தான். 

"இன்ஷிரா அரிச்சுத் தாறது, மிஸ். என்ட வைஃப். பகலைக்கு லுஹர் தொழ முந்திக் கழுவிரணுமே. டொமினோவ தூணுல கட்டக்குள்ள நக்கிட்டான். ஓடிப் போய்க் கழுவின. அதுக்குள்ள..."

"அதான் பிஸ்கட்ட மூங்கில் குச்சியில குத்தி நீட்டுறீங்களா, நஸீப் நானா?" என்றான் அழகர். "இவ்வளவு காலமும் நான் உங்களுக்கு நாய்னா பயம்னுல்ல நெனச்சேன்! சிரிக்கக்கூடாதுன்னு வண்டிய அந்தப் பக்கம் திருப்பிப் போடுவேன்."

"பயமா? நாய்னா எனக்கு உசிரு. கழுவுறது வெறுப்புல இல்லடா, தொழுகைக்கு."

"அப்ப முதலாளிகிட்ட இத சொல்லியிருக்கலாமே?" என்றாள் அனுஷியா.

"சொல்ல ஏலா." நஸீப்பின் குரல் இறங்கியது. "கட்டுகஸ்தோட்டையில ஒரு வீட்டம்மா நான் மண் போட்டுக் கழுவுறத கண்டுட்டா. ‘என் பிள்ளை அழுக்கா?’ன்னு கேட்டா. கண்ணெல்லாம் தண்ணி அவவுக்கு. நான் என்ன சொல்ற? அதுக்குப் பொறகு அந்த ரோட்டுல ஒரு கேட்டும் எனக்குத் தொறக்கல்ல. இது அந்த பேஸ்புக்ல வந்தா கண்டி முழுக்க மூடிரும், மிஸ்."

அதுதான் பொறி. சொன்னால் ஒரு பக்கம் கடிக்கும், சொல்லாவிட்டால் மறு பக்கம் கடிக்கும்.

"சரி," என்றாள் அனுஷியா. "அப்ப நாயத்தான் கண்டுபிடிக்கணும். இந்த அறைய விட்டு வெளிய போகாம. படங்களக் காட்டுங்க."

கெமராவின் சின்னத் திரையில் முதலில் ரொட்வைலர்கள் வந்தன. காலையில் கை பழகட்டும் என்று எடுத்தவை. இரண்டும் தலையைச் சாய்த்து, காதுகளை வேரோடு தூக்கி, உலகத்திலேயே முக்கியமான செய்தியைக் கேட்பதுபோல நின்றன.

"இந்த முகம் எப்படி வருது?"

நஸீப் பைக்குள்ளிருந்து ஒரு ரப்பர் வாத்தை எடுத்து அக்குளில் வைத்து அழுத்தினான். கீச் என்றது. முற்றத்தில் உடனே ரொட்வைலர் ஒன்று குரைத்தது. "இது கத்தினா எந்த நாயும் காதத் தூக்கும். அந்த நொடியில பட்டன அமத்தணும்."

"எங்க மாமியாருக்கு இப்பிடி ஒன்னு கிடைக்குமா?" என்றான் அழகர்.

 அனுஷியா டொமினோவின் படங்களுக்கு வந்துவிட்டாள். விறாந்தைப் பலகையில் கறுப்புப் புள்ளி போட்ட வெள்ளை நாய். அழகான கழுத்து. கூர்மையான பார்வை. அவள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். மறுபடியும் ஆரம்பத்துக்கு வந்தாள்.

"இதுக்கும் வாத்து கத்துச்சா?"

"கத்திச்சே! அக்குள் நோகுற மட்டும்."

"ஒரு படத்துல கூட காது எழும்பல, நஸீப். பார்வையும் கெமராவுக்கு வரல. எல்லாத்துலயும் கொஞ்சம் இடப்பக்கமாப் பாக்குது. அங்க யாரு நின்னது?"

நஸீப் யோசித்தான். "வீட்டம்மா. சந்திரிகா மேடம். வாத்துக்கு அவன் திரும்பல்ல. அவங்க காலால பலகையில ஒரு தட்டு தட்டினாங்க, உடனே பாத்தான். அப்பிடிப் பழக்கியிருக்காங்கன்னு நெனச்சேன்."

"பழக்கித்தான் இருக்காங்க." அனுஷியா கெமராவை மடியில் வைத்தாள். "பலகையில தட்டினா சத்தம் காதுக்குப் போகும். அதிர்வு பாதத்துக்கும் போகும். டொமினோவுக்குக் காது கேக்காது."

 அழகர் கெமராத் திரையை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, முதலாளி காலையிலேருந்து தொண்ட கிழிய டொமினோ டொமினோன்னு கத்திக்கிட்டுல்ல இருக்காராம்!"

"அவருக்குத் தெரியாது."

"சொந்த நாய்க்குக் காது கேக்காதுங்கிறது தெரியாமலா?"

"அந்த போன் காத விட்டு எறங்கினத நீ பாத்தியா? கூப்பிட்டு நாய் வரலேன்னா அவரு அத நாயோட திமிருன்னு எடுத்துக்குவாரு. வீட்டுல மத்தவங்களையும் அப்படித்தான் எடுத்துக்குவாரு போல."

அப்போது விறாந்தையில் செருப்புச் சத்தம் வந்தது. டக், டக், டக். நெருங்கி வந்தது. வாசலில் நின்றது. சாவி திரும்பியது.

ஒரு தட்டில் மூன்று கோப்பை பிளேன்டீயோடு சந்திரிகா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும்; வீட்டுக் கவுன், ஈரத் தலை. செருப்பை வாசலிலேயே கழற்றினார். பிறகு உள்ளே வந்தார். தட்டு ஆடாமல், பலகை முனகாமல், ஒவ்வொரு விரலாக ஊன்றி வந்தார். தட்டை மூட்டை மேல் வைத்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"குடிங்க தம்பி. பயப்படாதீங்க," என்றார், ஏறக்குறைய ரகசியமாக.

"விறாந்தையில டக்கு டக்குனு வந்தீங்க," என்றாள் அனுஷியா. "இந்த அறைக்குள்ள மட்டும், தொட்டில்ல பிள்ள தூங்குற வீட்டுல நடக்கிற மாதிரி நடக்கிறீங்க. யாரு தூங்குறாங்க?"

சந்திரிகாவின் முகம் வெளுத்தது. அனுஷியா வலது காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

காலுக்குக் கீழே ஏதோ புரண்டது. நகங்கள் மரத்தைப் பிராண்டின. ஒரு சின்ன முனகல். அது பலகையின் முனகல் அல்ல.

நஸீப் குப்புறப் படுத்தான். நாய்களின் உயரத்துக்குப் படுப்பது அவனுக்குத் தொழில். பலகை இடுக்கில் பிளாஷை வைத்து அழுத்தினான். வெள்ளை வெளிச்சம் கீழே பாய்ந்தது. தூண்களுக்கு நடுவில், ஒரு பழைய மெத்தையில், கறுப்புப் புள்ளி போட்ட முகம் ஒன்று அவனை அண்ணாந்து பார்த்தது. வால் மெத்தையில் அடித்தது.

"டொமினோ!" அவன் துள்ளி எழுந்தான். "முதலாளி! முத..."

"கத்தாதீங்க தம்பி!" சந்திரிகா கதவைச் சாத்தி முதுகால் அடைத்துக்கொண்டார். "கும்பிட்டுக் கேக்கிறேன். அவருக்குத் தெரிஞ்சா இவனுக்கும் ஊசிதான்."

"ஊசியா?" என்றான் நஸீப்.

"இதுக்கு முந்தின ஈத்துல பொறந்த ஒரு குட்டி," என்றார் சந்திரிகா. "காது கேக்காதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே ஊசி போட வச்சிட்டாரு. வித்தா பேரு கெட்டுரும், வச்சிருந்தா சோறு தண்டம்னாரு. இவனுக்கும் அதேதான்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. நான் சொல்லல. காலத் தட்டினா பாக்கப் பழக்கினேன். கையக் காட்டினா உக்காரப் பழக்கினேன். இன்னிக்குப் பாத்து, வாங்க வர்றவங்க நாய் டாக்டரையும் கூட்டிக்கிட்டு வாறாங்களாம். அவங்க போற வரைக்கும் ஒளிச்சு வச்சிட்டு, ஓடிப் போய் வந்துட்டான்னு சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க மாட்டுவீங்கன்னு கனவுல கூட நெனக்கல தம்பி."

 அழகர் குந்தி, பலகை இடுக்கு வழியாக நாயைப் பார்த்தான். 

"என் வேலை முடிஞ்சிருச்சு," என்றாள் அனுஷியா மெதுவாக. "நாய் எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். சொல்றதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நஸீப். மாட்டிக்கிட்டது நீங்க."

நஸீப் பலகை இடுக்கைப் பார்த்தான். வாயைத் திறந்தால் கீழே இருக்கிறவனுக்கு ஊசி. மூடினால் தனக்கு இனி ஒரு கேட்டும் இல்லை. காலையிலிருந்து பூட்டு கதவில் இருந்தது. இப்போது அது அவன் வாயில் தொங்கியது.

கேட்டருகே கார் ஹோர்ன் அடித்தது.

வீட்டிலுள்ள நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தன. பலகைக்குக் கீழே மட்டும் ஓர் அசைவும் இல்லை.

கனத்த காலடிகள் வந்தன. சந்திரிகா கதவை விட்டு நகர்ந்தார். ரவிகுமார் போனோடு உள்ளே வந்தார்.

"வந்துட்டாங்க. நாய் எங்க? கடைசித் தரமாக் கேக்கிறேன். கையில எப்படி மண்ணு வந்திச்சு?"

நஸீப் எழுந்து நின்றான். சந்திரிகாவைப் பார்க்கவில்லை. கீழேயும் பார்க்கவில்லை.

"நாய் எங்கன்னு நான் சொல்லமாட்டேன். மண் ஏன்னு சொல்றேன். உங்கட நாய் என்ட கைய நக்கிச்சு. எங்களுக்கு அது பட்டா ஏழு தரம் கழுவணும், ஒரு தரம் மண்ணால. அதுக்குத்தான் போத்தல். பைப்புகிட்ட நான் கழுவிக்கிட்டுத்தான் நின்ன. வேற ஒன்டும் செய்யல்ல."

ரவிகுமாரின் கண்கள் சுருங்கின. "என்னா? என் நாய் அழுக்குன்னு சொல்றியா?"

"முதலாளி," என்றான் அழகர், "நாய் நக்கின கையோட நீங்க கோயில்ல போய் திருநீறு வாங்குவீங்களா?"

"நீ வாய மூடு! திருட்டுக்கு மேல இது வேறயா? இதையும் சேத்தே போடுறேன். நாய் படம் எடுக்கிறவன் நாயத் தொட்டா கைய மண்ணு போட்டுக் கழுவுறானாம்! பாக்கட்டும் எல்லாரும்!"

அவருடைய பெருவிரல் திரையில் வேகமாக ஓடியது. நஸீப் கண்ணை மூடிக்கொண்டான். கட்டுகஸ்தோட்டை அம்மாவின் ஈரக் கண்கள் தெரிந்தன. ஒவ்வொரு கேட்டாக மூடுவது தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

டங்!

பலகை அதிர்ந்தது. மேசையிலிருந்த ஜாம் போத்தல் துள்ளியது. சந்திரிகாவின் கால்.

கீழேயிருந்து தெளிவாக, சந்தோஷமாக, டொமினோ குரைத்தான்.

ரவிகுமாரின் விரல் அப்படியே நின்றது. தரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஒளிச்சது நான்," என்றார் சந்திரிகா. குரலில் இப்போது ரகசியம் இல்லை. "அவனுக்குக் காது கேக்காது. பொறந்ததிலேருந்தே கேக்காது. வாங்க வந்தவங்ககிட்ட நானே போய் உண்மையச் சொல்றேன். வாங்குறதுன்னா தெரிஞ்சு வாங்கட்டும். இல்லாட்டி அவன் என்னோட இருப்பான். ஊசின்னு ஒரு வார்த்த வந்திச்சு, நாளைக்கே நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அந்த ரெண்டு ரொட்வைலருக்கும் நீங்களே கையால சோறு வைங்க. யாரு கையில திங்கும், யாரு கையத் திங்கும்னு பாப்போம்."

அழகர் பிளேன்டீயை எடுத்து வாயை மறைத்துக்கொண்டான்.

"நீ... எனக்குச் சொல்லாம..." ரவிகுமார் தடுமாறினார்.

"ஆமா, இவனப் பத்திச் சொல்லல. முந்தின குட்டிக்கு ஊசி வேணாம்னு நாலஞ்சு தரம் சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க. அந்தத் தம்பியோட படத்த அழிங்க."

ரவிகுமார் வாயைத் திறந்தார். சந்திரிகா காலைத் தூக்கினார்.

தட்டத் தேவைப்படவில்லை. ரவிகுமார் திரையில் இருந்த நஸீப்பின் முகத்தை அழித்தார். பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்து அனுஷியாவிடம் நீட்டினார். சட்டைப் பையில் சாவியைத் தேடிக்கொண்டே மழைக்குள் இறங்கினார். ஹோர்ன் இன்னொரு தரம் அடித்தது.

சந்திரிகா மேசைக்கு வந்து ஜாம் போத்தலை எடுத்தார். கவுனில் துடைத்து, நஸீப்பின் பைக்குள் தானே வைத்தார்.

"அவன மேல கொண்டாறேன் தம்பி. இன்னும் ஒரு படம் எடுங்க. நக்கினா பைப்பு பின்னால இருக்கு. ஒளிஞ்சு போகத் தேவையில்ல."

 நஸீப் குனிந்து ரப்பர் வாத்தைப் பைக்குள் போட்டான். டொமினோவுக்கு அது வேண்டியதில்லை.

முற்றத்தில் கேட்டின் சங்கிலி கழலும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. டொமினோவைத் தவிர.